எடுபிடியின் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

லண்டன் ஹண்டேரியன் அருங்காட்சியகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். விலங்கியல் பேராசிரியராக இருந்த என் அப்பா பதினான்கு நோட்டுகள் விட்டுப் போயிருக்கிறார். ‘நான் போனதும் எரித்துவிடு’ என்று சொல்லியிருந்தார். எரித்துவிடலாமா? அந்தத் தொகுப்பைச் சேர்த்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டரின் கையெழுத்துப் பிரதிகளை அவர் மைத்துனர் எவரார்ட் ஹோம் எரித்ததை நீங்கள் பெரிய குற்றமாக எழுதியிருந்தீர்கள். அவரும் இறந்தவரின் விருப்பத்தைத்தானே நிறைவேற்றினார்? இன்னொரு சந்தேகம். வில்லியம் கிளிஃப்ட் ஹண்டருக்கு வெறும் எடுபிடி. அவருடைய டைரியையும் கடிதங்களையும் அருங்காட்சியகத்தை நடத்தும் அறுவை மருத்துவர் கல்லூரி இன்றும் பத்திரப்படுத்த என்ன அவசியம்? அந்த ஐரிஷ் ராட்சதனின் எலும்புக்கூடு இப்போது எங்கே? கடைசியாக ஒன்று, நோட்டுகள் இருக்கும் பீரோவில் பாச்சா உருண்டை போட்டால் போதுமா?

ச., திருநெல்வேலி

*

அன்புள்ள ச.,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ‘எடுபிடி’ என்ற சொல் விடமாட்டேன் என்கிறது.

ராட்சதன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சார்ல்ஸ் பைர்ன் 1783-ல் இறந்தார். தன் உடல் ஹண்டர் கையில் சிக்கக்கூடாது, கடலில் இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சியிருந்தார். சிக்கிவிட்டது. 2023-ல் அருங்காட்சியகத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள், கடலுக்கு அனுப்பவில்லை. ஹண்டர் அடுத்தவரின் கடைசி ஆசையை எப்படி மதித்தார் என்பதற்கு இது போதும். அவருடைய கடைசி ஆசையைத்தான் நிறைவேற்றினேன் என்று மைத்துனர் சொன்னதற்கு அப்புறம் வருகிறேன்.

கிளிஃப்ட் மாவரைப்பவரின் மகன். கார்ன்வால் பக்கம் போட்மின் ஊர். சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் இல்லை. ஊர்ப் பெரிய வீடொன்றின் சமையலறைத் தரையில் சுண்ணக்கட்டியால் படம் போட்டுக்கொண்டிருந்த பையனை அந்த வீட்டம்மாள் கவனித்தார். அவர் ஹண்டரின் மனைவிக்குப் பள்ளித்தோழி. சிபாரிசுக் கடிதம் போயிற்று. 1792 பிப்ரவரி 14, தன் பதினேழாவது பிறந்தநாளன்று பையன் லண்டனில் வந்து இறங்கினான். கட்டணம் இல்லாத தொழில்பழக்கம். சோறும் படுக்க இடமும் உண்டு, கூலி கிடையாது. அறுவைக்கு உதவ வேண்டும், படம் வரைய வேண்டும், ஹண்டர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். நீங்கள் சொன்ன எடுபிடி வேலை இதுதான்.

இருபது மாதத்தில், 1793 அக்டோபரில், ஹண்டர் போய்விட்டார். வீடு நிறையக் கடன். பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடம் செய்த உடல்களும் உறுப்புகளும் எலும்புகளும் அனாதையாக நின்றன. அரசு வாங்கிக்கொள்ளும் என்று பார்த்தால், பிரான்சோடு போர் நடக்கிறது; ஜாடிக்குள் கிடக்கும் ஈரலுக்கு யார் காசு கொடுப்பார்கள்? 1799-ல்தான் பதினைந்தாயிரம் பவுண்டுக்கு விலை படிந்தது. நடுவில் ஆறு வருடம். கிளிஃப்டுக்கு வாரத்துக்கு ஏழு ஷில்லிங். துணைக்கு வீட்டைப் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாள் மட்டும். ரொட்டி விலை ஏறிக்கொண்டே போன காலம். ஜாடியில் ஸ்பிரிட் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குறையக் குறைய ஊற்ற வேண்டும், வாயை மறுபடி கட்டி மூட வேண்டும். ஒரு கோடை அசந்தால் உள்ளே இருப்பது அழுகிப்போகும். பதினெட்டு வயதுப் பையன் அசரவில்லை.

ராத்திரிகளில் அவன் இன்னொன்றும் செய்தான். ஹண்டரின் கையெழுத்துப் பிரதிகளை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்து எழுதினான். யாரும் சொல்லவில்லை. தனியாகக் கூலியும் இல்லை.

தொகுப்பு அறுவை மருத்துவர்களின் சங்கத்துக்கு (அதுதான் பிறகு கல்லூரி ஆனது) கைமாறிய சமயத்தில் ஹோம் வந்தார். ஹண்டரின் மனைவியின் தம்பி, சொத்துக்குப் பொறுப்பாளர். காகிதங்களையெல்லாம் வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அட்டவணை நானே போடுகிறேன் என்றார். கல்லூரி கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் இதோ இதோ என்று இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். இடையில் விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டியின் இதழில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அவர் பெயரில் வந்தன. சர் பட்டம் வந்தது. அவருடைய கட்டுரைகளுக்குப் படம் வரைந்துகொடுத்தவரும் நம் எடுபிடிதான்! கிளிஃப்ட் தன் மகனுக்கு வில்லியம் ஹோம் கிளிஃப்ட் என்று பெயர் வைத்தார். அவ்வளவு மரியாதை.

1823-ல் ஹோம் அவற்றில் பெரும்பகுதியைத் தன் வீட்டு அடுப்பில் போட்டார். கேட்டதற்கு, ஹண்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார் என்றார். முப்பது வருடம் ஞாபகம் வராத கட்டளை! தேவைப்பட்டதை எடுத்துக்கொண்டு, எடுத்த இடம் தெரியாமல் இருக்கக் கொளுத்தினார் என்றுதான் அன்றே பேசினார்கள். நானும் அந்தக் கட்சி. உங்கள் அப்பா உங்களிடம் நேரில் சொன்னார். அதையும் இதையும் ஒரு தராசில் வைக்காதீர்கள்.

பதினோரு வருடம் கழித்து, 1834-ல், நாடாளுமன்றக் குழு மருத்துவக் கல்வி பற்றி விசாரித்தபோது, ஹோம் எரித்ததைப் பற்றிக் கிளிஃப்ட் சாட்சி சொன்னார். ஹோம் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்திருந்தார். அதே 1832-ல்தான் ஹோமின் பெயரைச் சுமந்த மகனும் ஒரு வண்டி விபத்தில் போனான். சாட்சிக் கூண்டில் நின்றபோது அந்தக் கிழவரின் மனது எதைக் கணக்குப் பார்த்திருக்கும் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

எரிந்தவற்றுக்கு எடுபிடியின் பிரதி மட்டும் மிஞ்சியது. முழுவதும் இல்லை, ஒரு பகுதிதான். மாப்பிள்ளை ரிச்சர்ட் ஓவன் (டைனோசர் என்ற பெயரைச் சூட்டியவர், மாமனார் மாதிரி இல்லை, பெயர் வாங்கத் தெரிந்தவர்) 1861-ல் அதை ஹண்டரின் நூலாகவே இரண்டு தொகுதிகளில் அச்சிட்டார். உலகம் அந்த எழுத்தில் ஹண்டரை வாசித்தது ஒரு மாவரைப்பவரின் மகன் கை வழியாக.

காகிதம் எதற்கு, பொருள்தான் இருக்கிறதே என்பீர்கள். அந்தத் தொகுப்பில் ஒரு சேவல் தலை உண்டு. கொண்டையில் ஒரு மனிதப் பல் முளைத்து நிற்கும். குறிப்பு இல்லையென்றால் அது திருவிழாக் கொட்டகையில் காட்டுகிற வேடிக்கை. பிடுங்கிய பல்லை வேறு உடலில் நட்டால் பிடிக்குமா என்று பார்த்த சோதனை அது என்பது ஹண்டர் எழுதியதால் நமக்குத் தெரிகிறது. நல்லவேளை, அதை உயிரோடு இருக்கும்போதே அச்சில் சொல்லிவிட்டார். அச்சேறாமல் அடுப்பேறியவற்றுக்கு உரிய ஜாடிகள் வாயடைத்து நின்றன. 1941 மே மாதத்துக் குண்டுவீச்சில் அவற்றிலும் பெரும்பகுதி போய்விட்டது.

நம்மிடமும் இந்தப் புத்தி உண்டு. ‘படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்று பழமொழி வைத்திருக்கிறோம். ஏட்டைப் பார்த்து எழுதினவனுக்கு நன்றி சொல்லும் பழமொழி எதையும் நான் கேட்டதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, பேராசிரியர் வீட்டுப் பிள்ளை ‘எடுபிடி’ என்று எழுதும்போது எனக்கு வலிக்கிறது. உங்கள் அப்பாவின் சோதனைச்சாலையிலும் தவளையைப் பிடித்துக்கொடுத்து, ஜாடிக்குச் சீட்டு ஒட்டியவர் ஒருவர் இருந்திருப்பார். பெயர் தெரியுமா உங்களுக்கு?

எனக்குக் கோபம் வருவதன் காரணம் வேறு. நான் ஒருகாலத்தில் எடுபிடியாக இருந்து, அதையும் ஒழுங்காகச் செய்யாதவன்.

கல்லூரி விடுமுறையில் எங்கள் தமிழ் ஐயா வீட்டுக்குப் போவேன். கடற்கரை ஊர் ஊராக நடந்து காற்றின் பெயர்களைச் சேகரித்தவர். கடைக்காரர்கள் வைத்திருக்கிற நீளப் பேரேடு நான்கு. கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ‘தம்பி, நல்ல எழுத்தில் ஒரு பிரதி எழுதிக் கொடு’ என்றார். ஒரு பக்கத்துக்கு ஒரு காப்பி, அதுதான் கூலி. ஐயா ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்த ஊர், என்ன மாதம், அவர் கட்டுமரக்காரரா வள்ளக்காரரா, எல்லாம் பொடி எழுத்தில் எழுதியிருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதினேன். நான் அப்போது கவிஞன்; எனக்குச் சொல்தான் முக்கியம். இரண்டாவது பேரேட்டின் பாதியில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். ஐயா காலமானதும் அந்த நான்கும் எடைக்குப் போயின.

என்னிடம் அந்த நோட்டு இருக்கிறது. ‘கச்சான் – மேல்காற்று’. சரி, எந்த ஊரில்? பத்து மைல் தள்ளினால் காற்றுக்குப் பெயர் மாறும் கரை அது. சொன்னவர் யார்? சித்திரையிலா ஆடியிலா? அகராதியைத் திறந்தாலே கிடைக்கிற ஒரு வரியை ஐயாவின் நாற்பது வருட நடையிலிருந்து பிரித்தெடுத்து வைத்திருக்கிறேன். ஹோம் எரித்ததைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் அந்தப் பொடி எழுத்தை விட்டது நான்தான்.

கிளிஃப்ட் தன் அக்காவுக்கு எழுதிய கடிதங்களும் இன்றுவரை மிஞ்சியிருக்கின்றன. பத்திரப்படுத்த என்ன அவசியம் என்று இன்னொரு தடவை கேட்காதீர்கள்.

எரிக்கலாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, தெரியும். அது உங்களுக்கும் உங்கள் அப்பாவுக்கும் நடுவில் இருப்பது. எரிப்பதானால் எரியுங்கள், ஆனால் முதல் நோட்டையாவது கையால் பிரதி எழுதிவிட்டு எரியுங்கள். போனில் படம் எடுத்தேன் என்று எனக்கு எழுத வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். பால் கணக்காக இருந்தாலும்.

பாச்சா உருண்டை போதாது. பீரோவைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். ஈரம் சுவர் வழியாகத்தான் வரும்.

அன்புடன்.