பதில்: காலையில் ஜிலேபி மீன் மேலே வந்து வாயைப் பிளக்குது, கீரையும் வெளுக்குது (பாலக்கோடு)

மீன் தொட்டித் தண்ணியே சரளைக் கல் படுக்கையில் கீரைக்கும் ஓடுற அமைப்புக்கு (அக்வாபோனிக்ஸ்) நீங்க சொன்ன கணக்கு: 1000 லிட்டர் தொட்டி, 100 கிராம் மீன் 60, தினம் 300 கிராம் தீவனம், போர் தண்ணி பி.எச். (அமில-கார அளவு) 8.4, அமோனியா (மீன் கழிவிலிருந்து வர்றது) லிட்டருக்கு 1 மி.கி., தொட்டி போட்டு மூணு வாரம். நோய் மாதிரி தெரியலை. சரளைக் கல்லில் அமோனியாவைச் செடிக்கு உரமா மாத்துற நுண்ணுயிர் நிலைக்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதுக்குள்ள தீவனம் ரொம்ப அதிகம். பி.எச். 8.4, 30 டிகிரி சூட்டில் அமோனியாவில் ஆறில் ஒரு பங்கு விஷ வடிவில் இருக்கும். அதே அளவு பி.எச். 7இல் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

இன்னிக்கே தீவனத்தை நிறுத்துங்க, ரெண்டு நாளைக்கு. மூணில் ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. போர் தண்ணியில் ஆக்சிஜன் குறைவு, அருவி மாதிரி உயரத்திலிருந்து விழவிடுங்க. ஒகேனக்கல் குழாய்த் தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் டிரம்மில் காற்று ஓட்டணும். ஏர் பம்ப் ராத்திரி நிக்கவே கூடாது. விடியற்காலைதான் ஆக்சிஜன் அடிமட்டம். கரண்ட் போனா ஓட பேட்டரி பம்ப் ஒண்ணு வைங்க. அப்புறம் தினம் 60 கிராம் தீவனத்தில் ஆரம்பிச்சு, அமோனியா இறங்கினா மட்டும் 180 வரை ஏத்துங்க.

தொட்டியில் நேரா ஆசிட் ஊத்தாதீங்க. நம்ம ஊர் கடினத் தண்ணியில் பி.எச். இறங்கி மறுநாளே ஏறும், அந்த ஆட்டமே மீனைக் கொல்லும். மழைத் தண்ணி கலக்கிறது உத்தமம்.

இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புக் குறை. அன்னபேதி (இரும்பு சல்பேட்) இந்த பி.எச்.சில் படிஞ்சு வீணாகும். இந்த பி.எச்.சிலும் கரைஞ்சே இருக்கிற இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) இரும்பு (6 சதவீதம்) 33 கிராம் கரைச்சு ஊத்துங்க. தண்ணி செவக்கும், பயப்படாதீங்க.