நகர்த்திவிட்டு டிரா கேட்கலாமா?

கேள்வி: பல வருடங்களாக செஸ் ரேட்டிங் (திறமைப் புள்ளி) போட்டிகளில் ஆடுகிறேன். யானைகளும் சில காய்களும் மட்டும் மிஞ்சிய யானை முடிவாட்டம் ஒன்றில், என் நகர்த்தலால் ஒரே நிலை மூன்றாம் முறை வந்தது. கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கையைத் தூக்கினேன். ஆர்பிட்டர் (நடுவர்) டிரா தர மறுத்தார், ஆட்டம் தோற்றது. முடிவை மாற்றித் தர ஒரு பயிற்சியாளர் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஆர்பிட்டர் செய்தது சரி. ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா கேட்கலாம்தான். ஆனால் ஆட வேண்டிய முறை யாருடையதோ, அவர்தான் கேட்க முடியும். நீங்கள் கடிகாரத்தை அழுத்தியதும் முறை எதிராளிக்குப் போய்விட்டது. காயைத் தொட்டதுமே அந்த முறைக்கான உரிமை போய்விடும். ஆடப்போகும் நகர்த்தலை ஸ்கோர்ஷீட்டில் (நகர்த்தல்களைக் குறிக்கும் தாள்) எழுதுங்கள். காயைத் தொடாமல் கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரை அழையுங்கள். எழுதியதை மாற்ற முடியாது. கணக்கு தவறென்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும்.

1971-ல் புவனஸ் ஐரிஸில், முன்னாள் உலக சாம்பியன் பெட்ரோசியனுடன் ஆடிய 3-வது ஆட்டத்தில் அமெரிக்க வீரர் ஃபிஷர் இதைத்தான் செய்தார். 34-வது நகர்த்தலாக ராணியை இ2 கட்டத்துக்கு என்று எழுதி, ஆர்பிட்டர் லோதர் ஷ்மிட்டிடம் காட்டினார். 30, 32-வது நகர்த்தல்களிலும் அதே நிலை. இடையில் வந்த நகர்த்தல்கள் வேறு வேறு என்பதால், நல்ல நிலையில் இருந்த பெட்ரோசியனே கவனிக்கவில்லை.

‘அதே நிலை’ என்பதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் ஆட்டத்துக்குப் பொருந்தாது, ஆனாலும் பலர் இதில்தான் விழுகிறார்கள். முதல் முறை கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தும்) உரிமை இருந்து, அப்புறம் ராஜா நகர்ந்து திரும்பி வந்திருந்தால், காய்கள் அதே கட்டங்களில் நின்றாலும் அது அதே நிலை அல்ல. ராஜா திரும்பிய பிறகுதான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும்.

சில செயலிகளில் டிரா தானாக வந்துவிடுகிறது. அந்தப் பழக்கம் பலகையில் காலை வாரிவிடும். இங்கே ஐந்தாம் முறை வந்தால்தான் ஆர்பிட்டர் தாமாக அறிவிப்பார். நுழைவுக் கட்டணம் வாங்கத் தெரிந்த அமைப்பாளர்கள், இதை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அந்தப் பயிற்சியாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இன்று முடிவை மாற்றுகிறேன் என்பவர், நாளை ரேட்டிங் ஏற்றித் தருகிறேன் என்பார். அந்த வலையில் சிக்கினால் உங்களுக்குத்தான் தடை விழும். மேல்முறையீடு என்பது ஆட்டக்காரரே எழுதிக் கொடுப்பது. அதற்கான கெடுவும் கட்டணமும் போட்டி அறிவிப்பிலேயே இருக்கும். உங்கள் விஷயத்தில் அந்தக் கட்டணமும் வீண்தான்.