போதுமென்ற மனம் வேண்டுமென்று ஜெபித்தும் பொறாமை போகவில்லை. அன்றாடம் என்ன செய்யலாம்?

பொறாமை தலைகாட்டுகிறதே என்பதற்காக உங்கள் ஜெபத்தைச் சந்தேகப்பட வேண்டாம். அப்போஸ்தலனாகிய பவுலே மனரம்மியமாயிருக்க, அதாவது போதுமென்ற மனதோடிருக்க, ‘கற்றுக்கொண்டேன்’ என்றுதான் பிலிப்பியர் 4:11-ல் எழுதுகிறார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. நாமோ ‘எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்கிற 13-ம் வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்துப் பரீட்சைக்கும் போட்டிக்கும் சொல்லிக்கொள்கிறோம். அங்கே பேச்சு, பட்டினியிலும் நிறைவிலும் நிலைகுலையாமல் இருப்பதைப் பற்றியது.

பழக்கத்தைத் தொடங்க யாத்திராகமம் 16 நல்ல இடம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவான மன்னா, நாளுக்குத் தலைக்கு ஒரு ஓமர் என்கிற அளவு. மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்து நாறியது. மறுநாள் ஓய்வுநாள் என்பதால் ஆறாம் நாளில் கட்டளைப்படி இரட்டிப்பாய்ச் சேர்த்தது கெடவில்லை. அதனால் இந்த அதிகாரத்தைக் காட்டி, சேமிப்பதே அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலையில் போனைத் தொடுமுன், இன்றைக்குத் தேவையானவற்றில் மூன்றை மட்டும் கேளுங்கள். ‘ஆசீர்வதியும்’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘பத்து மணிக் கூட்டத்தில் எரிந்துவிழாமல் இருக்க வேண்டும்’ என்கிற அளவுக்குக் குறிப்பாக இருக்கட்டும். இரவில் அதே மூன்றையும் திரும்பப் பாருங்கள். கிடைக்காததையும் கிடைக்கவில்லை என்றே தேவனிடம் சொல்லுங்கள். பிறகு சங்கீதம் 131; மூன்றே வசனம்.

பலர் சறுக்குவது நன்றி சொல்லும் இடத்தில். ‘எத்தனையோ பேருக்கு வீடே இல்லை, எனக்கு இருக்கிறதே, ஸ்தோத்திரம்’ என்பது பக்தியாகத்தான் தெரியும். லூக்கா 18-ல், வரி வசூலிக்கும் ஆயக்காரனைப் பார்த்தபடி, ‘இவனைப்போல் நான் இல்லை’ என்று மதப்பற்று மிகுந்த பரிசேயன் சொன்ன நன்றியும் இதே ரகம். கீழே இருப்பவனோடு ஒப்பிட்டு நிம்மதி தேடிய மனம், நாளைக்கு மேலே இருப்பவனைப் பார்த்துப் புழுங்கும், அளவுகோல் ஒன்றுதானே. ஆகவே நன்றி சொல்லும் வாக்கியத்தில் வேறு ஆளே வரக்கூடாது. ‘இன்று வலியில்லாமல் படியேறினேன், ஸ்தோத்திரம்.’ அவ்வளவு போதும்.

குறிப்பிட்ட ஒருவர்மேல்தான் பொறாமை என்றால், நீங்கள் ஏங்குகிற அதே காரியத்தை அவர் பெயரைச் சொல்லி அவருக்காகக் கேளுங்கள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும், பரவாயில்லை. நேரில் பாராட்டும்போது ‘ஆனால்’ சேர்க்காதீர்கள்.

தாழ்மை பற்றி ஒன்று. ‘நான் ஒன்றுமில்லாதவன்’ என்று சொல்லிவிட்டு, எதிராளி மறுப்பாரா என்று காத்திருப்பது தாழ்மை அல்ல. உங்கள் உழைப்புக்கு இன்னொருவர் பெயர் அறிவிக்கப்படும் அன்றைக்கு எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதில்தான் அது தெரியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. உரிய சம்பளத்தைக் கேட்பது பேராசை அல்ல. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எஜமான்களைத்தான் கண்டிக்கிறது. கேட்கிற கூலிக்காரரை அல்ல. 1 தீமோத்தேயு 6:8-ல் உள்ள ‘உண்ணவும் உடுக்கவும்’ இருந்தால் போதும் என்பதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். பாக்கி வைத்திருக்கும் முதலாளி அதைத் தன் வேலையாளுக்குப் போதித்தால், எந்த மாதத்துச் சம்பளம், எவ்வளவு பாக்கி என்று எழுதிக் கேளுங்கள், குரலை உயர்த்தாமல்.