ஒரு வாய்த் தண்ணீர்

கேள்வி: ‘பென்ஹர்’ போன்ற பழைய விவிலிய, ரோமானியப் படங்களைப் பெரியவர்கள் இன்னும் கொண்டாடுகிறார்கள். கணினி வரைகலை வந்துவிட்ட காலத்தில் அந்தப் பிரம்மாண்டம் எம்மாத்திரம்?

பதில்: ‘பிரம்மாண்டம்’ என்ற சொல்லைச் சுவரொட்டிக்காரர்களிடமிருந்து மீட்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் நான் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறேன். ஏக்கர்க் கணக்கில்தான் அதை அளக்க வேண்டுமென்றால், ரோம் நகரின் சினெசித்தா படப்பிடிப்பு வளாகத்தில் 18 ஏக்கரில் பந்தயத் திடல் எழுப்பியவர்கள் 1959-ஆம் ஆண்டின் ‘பென்ஹர்’ படக்குழுவினர். ஆயினும் அந்தப் படத்தில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றும் காட்சி, ஒரு வாய்த் தண்ணீரைப் பற்றியது.

சங்கிலியில் பிணைத்து நடத்திச் செல்லப்படும் கதாநாயகன் யூதா பென்ஹர், நாசரேத்தில் தாகம் தாங்காமல் சரிந்து விழுகிறான். அவனுக்குத் தண்ணீர் தரக் கூடாது என்பது ரோமானியக் காவலனின் கட்டளை. அதையும் மீறி ஒருவர் குனிந்து அவனுக்கு நீர் புகட்டுகிறார். அவர் யாரென்று நமக்குத் தெரியும், ஆனால் முகம் காட்டப்படுவதில்லை. அதட்ட வந்த காவலன் மட்டும் அந்த முகத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வாயடைத்துத் தயங்கிப் பின்வாங்குகிறான். இயேசுவை அந்தக் காவலனின் கண்களில் நமக்குக் காட்டிவிடுகிறார் இயக்குநர் வில்லியம் வைலர். பின்னர், சிலுவை சுமந்து தள்ளாடி விழுபவருக்கு நீர் கொடுக்க யூதா ஓடிவரும்போது, அன்று தனக்கு நீர் புகட்டியவர் அவரே என்று அவன் அடையாளம் காண்கிறான். மூன்றரை மணி நேரப் படம் நீளம் என்று சலித்துக்கொள்பவர்கள், அந்தக் கடனைச் சுமந்துகொண்டு நாமும் அவ்வளவு தொலைவு நடந்தால்தான் இந்தக் காட்சி நெஞ்சில் இறங்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புகழ்பெற்ற தேர்ப்பந்தயத்திலும் இதே அடக்கத்தைத்தான் காண்கிறேன். இசைக்காக ஆஸ்கர் பெற்ற மிக்லோஸ் ரோசா, தேரோட்டிகளின் அணிவகுப்புக்கு முழங்கிவிட்டு, ஓட்டம் தொடங்கியதும் விலகிக்கொள்கிறார். குளம்பொலியும் சக்கரங்களின் அரைபடலும் கூட்டத்தின் ஆரவாரமுமே நமக்குக் கேட்கின்றன. காட்சிக்குக் காட்சி முரசறையும் பின்னணி இசையோடு எனக்குள்ள நெடுநாள் பகைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வரைகலை குதிரையை வரைந்துவிடும். அதன் எடையைத் தருவது அரிது. உடைந்த தேரின் மீது யூதாவின் தேர் எகிறும் இடத்தில், கதாநாயகனுக்காகத் தேரோட்டிய ஜோ கனட் உண்மையிலேயே முன்புறமாகத் தூக்கி எறியப்பட்டார். அந்தத் துண்டை அப்படியே படத்தில் வைத்து, யூதாவாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டன் மீண்டும் தேரில் ஏறிக்கொள்வதை மட்டும் பிறகு படமாக்கிச் சேர்த்தார்கள்.