மனைவியை ஏன் படியில் உட்கார வைத்தீர்கள்?

கேள்வி: வயது 63. நாடக நடிகன். சென்ற ஆண்டு பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது எங்கள் குழுவில் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனாக நடிக்கிறேன். மகன் வேண்டாம் என்கிறான். போலந்து நடிகர் ததேயுஷ் வொம்னிட்ஸ்கி இதே வேடத்தின் ஒத்திகையில்தான் உயிர்விட்டார். நடிகனுக்கு அதைவிட நல்ல சாவு உண்டா? மனைவி எதுவும் சொல்வதில்லை. குழுவினருக்குத் தெரிய வேண்டாம் என்று நான் சொன்னதால், மாத்திரையோடு வெளிப்படியில் உட்கார்ந்திருப்பாள்.

பதில்: உங்கள் நோயை உடன் நடிப்பவர்களிடம் மறைப்பதற்காக, கட்டிய மனைவியைத் தெருப்படியில் காவல் வைத்திருக்கிறீர்கள். இதற்குக் கலை என்று பெயர் சூட்டாதீர்கள்.

வொம்னிட்ஸ்கியைத் துணைக்கு அழைத்தீர்கள். 1962-இல் வார்சாவில் எர்வின் ஆக்ஸர் இயக்கிய, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தில் ஹிட்லரை ஒத்த தாதா ஆர்த்துரோ ஊயியாக நடித்தவர், 1969-இல் திரையில் வாள்வீரர் வொவொடியோவ்ஸ்கியாக வந்தவர், நாடகக் கல்லூரியின் தலைவராக இருந்துகொண்டே 1976-இல் வோலா என்னும் தொழிலாளர் பகுதியில் புதிய அரங்கம் ஒன்றையும் தொடங்கியவர். அன்று ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவில் இருந்ததும் (அதை நான் மெச்சவில்லை), 1981 டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்ததும் கட்சியை விட்டு விலகியதும் அதே மனிதர்தான். பிறகு நாடகாசிரியர் பெக்கெட்டின் கிழவர் கிராப்பாக, ஒரு டேப் ரெக்கார்டரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு மேடையில் தனியாக நடித்தார். இத்தனையையும் விட்டுவிட்டு நீங்கள் அவருடைய சாவை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

அதையும் சரியாகப் பார்க்கவில்லை. 1992 பிப்ரவரி 22 அன்று, போஸ்னான் நகரின் புதிய அரங்கில், முதற்காட்சிக்குச் சில நாட்களே இருந்தபோது, 64 வயதில் அவர் சரிந்தார். டிக்கெட் வாங்கிய ஒருவர்கூட அவருடைய லியரைப் பார்க்கவில்லை. அவர் ஒத்திகைக்குப் போனது நடிப்பதற்காக, சாவதற்காக அல்ல. உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், லியரின் கடைசி மகள் கார்டீலியாவாக உங்களோடு நடிக்கும் பெண் பிள்ளை அதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டுக் காலமெல்லாம் சுமக்க வேண்டும். அவளிடம் சம்மதம் கேட்டீர்களா?

நாளைக்கே இயக்குநரிடம் உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வேடத்துக்கு இன்னொருவரையும் தயார் செய்யச் சொல்லுங்கள். அந்த அம்மாள் கூடத்துக்குள் நாற்காலியில் உட்காரட்டும். குடும்பத்தின் காலத்தையும் பொறுமையையும் செலவழித்துத்தான் நடிகர்கள் நடிகர்களாகிறார்கள், ஆகவே இதில் பேசக் குடும்பத்தாருக்கு உரிமை உண்டு. இருதய மருத்துவர் அனுமதிக்கும் நேரத்துக்குமேல் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். அவர் கூடவே கூடாது என்றால், அதே நாடகத்தில் கண்ணிழந்த குளோஸ்டர் பிரபுவைக் கைப்பிடித்து அழைத்து வரும் கிழவர் வேடம் ஒரே காட்சிதான். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.