முள்ளும் க்ரூஸும் ஒன்றாகப் படுத்தால்

வண்டி கேள்வி–பதில்

கேள்வி: டெக்ஸாஸில் சான் அன்டோனியோ பக்கம் இருக்கிறேன். 1995 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ட்ரக், ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக். ஸ்பீடோமீட்டர் முள் திடீரென்று ஆடும், அப்புறம் பூஜ்யத்தில் விழுந்துவிடும், கூடவே மஞ்சள் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் காப்பது) விளக்கு எரியும், கியரும் முரட்டுத்தனமாக மாறுகிறது. வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் அதற்கு முன்பிருந்தே வேலை செய்யவில்லை. பின் விளக்குகள் எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றினேன், க்ரூஸ் நின்றதும் ஏறக்குறைய அந்த நேரம்தான். கியர்பாக்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

பதில்: கியர்பாக்ஸுக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு கோளாறுகள், ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாதவை.

1992 முதல் 1996 வரை வந்த எஃப்-150இல் ஸ்பீடோமீட்டருக்கு கேபிள் கிடையாது. பின் அச்சின் நடுவே, இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையின் உச்சியில் ஒரு சென்சார் நிற்கும். உள்ளே கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தைப் பார்த்து அது துடிப்புகளை அனுப்பும். அந்தத் துடிப்பு பின் சக்கர ஏபிஎஸ்ஸுக்குப் போகிறது, டேஷ்போர்டில் மீட்டரோடு இருக்கும் சின்ன கம்ப்யூட்டருக்கும் போகிறது. இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் க்ரூஸுக்கும் வேகத்தைச் சொல்வது அந்த மீட்டர்தான். ஆக சென்சார் ஒன்று படுத்தால் முள், ஏபிஎஸ், கியர் எல்லாம் ஒரே நேரத்தில் புலம்பும். மணிக்கு 60 மைலில் ஓடும் வண்டி நின்றுவிட்டது என்று சேதி வந்தால் கியர் எப்படி ஒழுங்காக மாறும்?

ஏபிஎஸ் விளக்கும் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல துப்பு. விளக்கு எரியாமல் முள் மட்டும் விழுந்திருந்தால் மீட்டர் போர்டைச் சந்தேகிக்கலாம், பழைய கெப்பாசிட்டரும் விட்டுப்போன சால்டரும் அங்கே சகஜம். இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சென்சார், இல்லையென்றால் அதன் ஒயர்.

முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு உள்ளே போங்கள், வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள். சென்சாரைக் கழற்றுவதற்கு முன் சுற்றியிருக்கும் மண்ணை பிரஷ் போட்டு நன்றாகத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் டிஃபரன்ஷியலுக்குள் விழும். பிடித்திருப்பது ஒரே போல்ட். வெளியே எடுத்தால் நுனியில் கறுப்புக் களிம்பாக இரும்புத்தூள் அப்பியிருக்கும், நுனி காந்தம் என்பதால். மை போல நைசாக இருந்தால் கவலை வேண்டாம், துடைத்துவிட்டுப் போட்டாலே பல வண்டிகள் சரியாகிவிடும். விரலில் குத்துகிற சிம்பு சிம்பாக வந்தால் அது வேறு கதை, டிஃபரன்ஷியல் மூடியைத் திறந்து பல்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். கனெக்டரைப் பிரித்து சென்சாரின் இரண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். ஏறக்குறைய 900 முதல் 2500 ஓம் வர வேண்டும். ஒன்றுமே காட்டவில்லையென்றால் சென்சார் செத்தது. சரியாகக் காட்டினால் அச்சிலிருந்து ஃபிரேமுக்குத் தாவும் இடத்தில் ஒயரை ஆட்டிப் பாருங்கள், குலுங்கிக் குலுங்கி உள்ளே அறுந்திருக்கும், வெளித்தோல் மட்டும் முழுசாகத் தெரியும்.

இனி க்ரூஸ். என் சந்தேகம் அந்த எல்இடி மேல்தான். அந்தக் கால ஃபோர்டில் பிரேக் மிதிக்கவில்லை என்பதை க்ரூஸ் யூனிட் தெரிந்துகொள்வது பிரேக் பல்பின் இழை வழியாகக் கிடைக்கும் எர்த்தை வைத்து. எல்இடியில் இழையே இல்லை. அதனால் நீங்கள் சதா பிரேக்கில் கால் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு அது வேகத்தைப் பிடிக்காமல் இருக்கும். உச்சியில் உள்ள மூன்றாவது பிரேக் விளக்கில் பழைய பல்பைப் போட்டுப் பாருங்கள், செலவு சில டாலர்தான். அப்படியும் வராவிட்டால் ஹாரன் அடியுங்கள். ஹாரனும் ஊமை என்றால் ஸ்டீயரிங்குக்குள் சுற்றியிருக்கும் கிளாக்ஸ்பிரிங் என்ற ரிப்பன் ஒயர் அறுந்திருக்கலாம். அதில் ஏர்பேக் ஒயரும் போகிறது, விவரம் தெரியாமல் கை வைக்க வேண்டாம்.

க்ரூஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில் திருகியிருக்கும் பிரஷர் சுவிட்சைக் கட்டாயம் பாருங்கள். க்ரூஸை விடுவிக்கும் அந்த சுவிட்சுக்குச் சாவி எடுத்த பிறகும் பேட்டரி கரண்ட் வந்துகொண்டே இருக்கும். உள்ளே பிரேக் ஆயில் கசிந்தால் சூடாகி, வாசலில் சும்மா நிற்கிற வண்டியே தீப்பிடிக்கும். இதற்காக ஃபோர்டு வண்டிகளைத் திரும்பத் திரும்ப ரீகால் செய்து (இலவசமாகச் சரிசெய்ய அழைத்து), 2009 அக்டோபரில் கணக்கு 1 கோடியே 40 லட்சம் வண்டிகளைத் தாண்டியது. கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் திரும்ப மாட்டாதீர்கள். வின் நம்பரோடு (வண்டியின் அடையாள எண்) டீலரைக் கூப்பிட்டு, ஃபியூஸ் வைத்த ஒயர் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: 2004 செவ்ரோலெட் சில்வராடோ ட்ரக். நிற்கும்போதே முள் 40 காட்டுகிறது, சில நாள் 100இல் ஒட்டிக்கொள்கிறது. க்ரூஸ் அருமையாக வேலை செய்கிறது. சென்சார் மாற்றலாமா?

பதில்: வேண்டாம். க்ரூஸ் சரியாகப் பிடிக்கிறது என்றாலே வேகம் ஒழுங்காக வந்துசேருகிறது என்று அர்த்தம். கெட்டது முள்ளைத் திருப்பும் குட்டி ஸ்டெப்பர் மோட்டார். 2003 முதல் 2006 வரை வந்த ஜிஎம் (செவ்ரோலெட்டின் தாய் கம்பெனி) ட்ரக்குகளுக்கு இது பரம்பரை வியாதி. மீட்டரைக் கழற்றி, புது மோட்டார்களை சால்டர் வைத்து மாற்றினால் போதும். ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே போகும், மொத்தமாக மாற்றுவது உத்தமம்.

கேள்வி: என்னுடையதும் பழைய எஃப்-150. 31 இஞ்ச் டயர் போட்ட பிறகு முள் 60 காட்டினால் ஃபோன் 64 என்கிறது.

பதில்: ஃபோன் சொல்வதுதான் சரி. கம்பெனி டயர் 235/75ஆர்15 என்றால் உயரம் சுமார் 28.9 இஞ்ச், இப்போது ஏழு சதவீதம் கூடுதல், ஒரு சுற்றில் அவ்வளவு கூடுதலாகப் போகிறீர்கள். க்ரூஸும் அதே கணக்கைத்தான் நம்புகிறது, 65இல் பூட்டினால் கிட்டத்தட்ட 70இல் ஓடும், வேகமீறல் டிக்கெட் உங்கள் பெயரில் வரும். 1992–96 மாடலாக இருந்தால் மீட்டரிலேயே டயர் எண்ணை மாற்றலாம். ஆனால் சில தடவைதான் மாற்ற விடும், அதற்கு மேல் பூட்டிக்கொள்ளும். அதனால் டயர் விஷயத்தில் மனசு ஒரு நிலைக்கு வந்த பிறகு மாற்றுங்கள்.