கம்பைலர் ஆய்வுக் கட்டுரை: வகுப்பில் சொல்வதும் விமர்சிப்பதும்

கேள்வி: எம்.இ. கணினி அறிவியல் படிக்கிறேன். அட்வான்ஸ்டு கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பாடத்தில் எனக்கு வந்திருப்பது, பொலெட்டோவும் விவேக் சர்க்காரும் 1999-இல் வெளியிட்ட ‘லீனியர் ஸ்கேன்’ ரிஜிஸ்டர் அலோகேஷன் பேப்பர்; செயலிக்குள் இருக்கும் மிக வேகமான சிறு சேமிப்பிடங்களான ரிஜிஸ்டர்களை மாறிகளுக்குப் பங்கிடும் முறை அது. விமர்சனத்தையும் சேர்த்து 25 நிமிடம் பேச வேண்டும். 40 ஸ்லைடு போட்டும் முடியவில்லை. இவ்வளவு பெயர் பெற்ற பேப்பரில் நான் என்ன குறை சொல்வது?

பதில்: அந்த 40 ஸ்லைடையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பேப்பரின் பிரிவுகளை வரிசையாக ஸ்லைடாக்கினால் இப்படித்தான் நீளும். இந்தப் பேப்பர் எதை நிரூபித்ததாகச் சொல்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்குத்தான் உங்கள் 25 நிமிடமும்.

அது சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘கிராஃப் கலரிங்கைவிட மிக விரைவாக ரிஜிஸ்டர்களைப் பங்கிடலாம்; அப்படியும் கிடைக்கும் நிரல் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடும்.’ இதில் இரண்டு வேகங்கள் இருக்கின்றன: கம்பைல் ஆகும் வேகம் ஒன்று, கம்பைலான நிரல் ஓடும் வேகம் இன்னொன்று. செமினார்களில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் கலந்து பேசுவதால் வருகிறது. தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டிவிடுங்கள்.

பின்னணிக்கு நான்கு நிமிடம் போதும். ஒரே நேரத்தில் தேவைப்படும் இரண்டு மாறிகளுக்கு ஒரே ரிஜிஸ்டரைத் தர முடியாது. ஐ.பி.எம்.மில் சாய்ட்டினும் அவருடைய குழுவினரும் 1981-இல் இதை கிராஃபுக்கு வண்ணம் பூசும் கணக்காக மாற்றினார்கள்: மாறிகள் புள்ளிகள், ஒரே நேரத்தில் தேவைப்படுபவற்றுக்கு இடையே கோடு, கோட்டால் இணைந்த இரண்டுக்கு ஒரே நிறம் (ரிஜிஸ்டர்) கூடாது. இதுதான் கிராஃப் கலரிங். நல்ல விடை கிடைத்தது. ஆனால் நிரல் பெரிதாகப் பெரிதாக அந்த கிராஃபைக் கட்டும் செலவு ஏறும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பைல் செய்யும் ஜஸ்ட்-இன்-டைம் கம்பைலருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. 1999-இல் இந்தப் பேப்பருக்குத் தேவை இருந்தது அதனால்தான்.

அப்புறம் சூடோகோடை (அல்காரிதத்தின் வரிவரியான எழுத்து வடிவம்) காட்டாமல் நேரே போர்டுக்குப் போங்கள். ரிஜிஸ்டர் இரண்டு, மாறிகள் ஐந்து (எண்கள், நிரலில் ஒவ்வொரு மாறியும் தேவைப்படும் முதல் இடமும் கடைசி இடமும்): க 1 முதல் 4 வரை, ச 2 முதல் 6 வரை, த 3 முதல் 10 வரை, ப 5 முதல் 9 வரை, ம 7 முதல் 8 வரை. ஐந்தையும் கோடுகளாக வரையுங்கள். க, ச இரண்டும் ஆளுக்கொரு ரிஜிஸ்டரை எடுத்துக்கொள்கின்றன. 3-இல் த வரும்போது இடமில்லை. மூன்றில் கடைசியாக முடிவது எது? த. ஆகவே அது நினைவகத்துக்குப் போகிறது, அதாவது ஸ்பில் ஆகிறது. 5-இல் ப வரும்போது க முடிந்துவிட்டது. அதன் ரிஜிஸ்டர் ப-வுக்கு. 7-இல் ச விட்டுப்போன ரிஜிஸ்டர் ம-வுக்கு. அல்காரிதம் அவ்வளவுதான். உங்கள் கையாலேயே இதைப் போட்டுக் காட்டினால், பிறகு சூடோகோடுக்கு ஒரு ஸ்லைடு போதும்.

உங்கள் விமர்சனமும் இந்தப் படத்திலிருந்தே கிளம்பும். த ஒரு லூப்புக்குள் ஆயிரம் முறை பயன்படுகிறது, க ஒரே முறைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியும் இடத்தை மட்டும் பார்க்கும் விதி அப்போதும் த-வைத்தான் வெளியே தள்ளும். அடுத்தது, த 4-க்குப் பிறகு 9 வரை தேவையே இல்லை என்றாலும், முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை அது உயிரோடு இருப்பதாகவே கணக்கு. இடையிலுள்ள ஓட்டை வீணாகிறது. இதையெல்லாம் குறை என்று பட்டியல் போடாதீர்கள். வேகத்துக்காகத் தெரிந்தே கொடுத்த விலை என்று சொல்லுங்கள். அந்த விலை எப்போது கட்டுப்படியாகும், எப்போது ஆகாது என்று பேசினால் அதுதான் விமர்சனம். ஒன்று முக்கியம்: உங்கள் கேள்விக்குப் பேப்பரிலேயே பதில் இருக்கிறதா என்று தேடிவிட்டுக் கேளுங்கள். ஆசிரியர்கள் தாங்களே ஒப்புக்கொண்டதை உங்கள் கண்டுபிடிப்பாகச் சொன்னால் வகுப்பு சட்டென்று கண்டுபிடித்துவிடும்.

முடிவுகளில் எல்லா அட்டவணையும் வேண்டாம். ஒரே ஒரு படத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். எந்த கிராஃப் கலரிங்கோடு ஒப்பிட்டார்கள், அது நன்றாக எழுதப்பட்டதா? கம்பைல் நேரத்தில் லைவ்னெஸ் அனாலிசிஸும் (எந்த மாறி எதுவரை தேவை என்று கணக்கிடும் வேலை) சேர்த்தியா? எந்த பென்ச்மார்க்கில் (சோதனை நிரலில்) தோற்றது? தோற்ற இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். அளவீட்டைச் சந்தேகிப்பது மரியாதைக் குறைவு இல்லை. மிட்கோவிச் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நால்வர் 2009-இல் காட்டியது இது: என்விரான்மென்ட் வேரியபிள்களின் (நிரலுக்கு இயங்குதளம் தரும் அமைப்பு விவரங்கள்) மொத்த அளவோ, ஆப்ஜெக்ட் ஃபைல்களை (கம்பைலான துண்டுகள்) லிங்க் செய்யும் வரிசையோ மாறினாலே, கம்பைலரின் மேம்படுத்தல் நிலைகளில் ஓ3 ஓ2-வைவிட வேகமா மெதுவா என்ற முடிவு புரண்டுவிடலாம். இந்தக் கண்ணோடு எந்தக் கம்பைலர் பேப்பரையும் படிக்கலாம்.

ஆனால் 1999-இன் பேப்பரை இன்றைய இயந்திரத்தை வைத்து எடைபோடுவது நியாயமில்லை. பின்னால் என்ன ஆனது என்று தனியாகச் சொல்லுங்கள். 2005-இல் விம்மரும் மோசன்பாக்கும் மாறிகளின் கோடுகளைத் துண்டுகளாகப் பிளந்து, ஓட்டைகளையும் பயன்படுத்தும் வகையில் இதை, ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருளான ஹாட்ஸ்பாட்டின் கிளையன்ட் கம்பைலருக்கு மெருகேற்றினார்கள். பல கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்.எல்.வி.எம். பல ஆண்டுகள் லீனியர் ஸ்கேனை வைத்திருந்து, 2011-இல் 3.0 பதிப்பில் வேறொன்றுக்கு மாறியது. ஒரே யோசனை ஓரிடத்தில் வளர்ந்ததும் இன்னோரிடத்தில் கைவிடப்பட்டதும் ஏன்? இந்தக் கேள்வியை வகுப்புக்கே விடுங்கள், நல்ல விவாதம் வரும்.

கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால், போர்டில் இருக்கும் அந்த ஐந்து கோடுகளிலேயே கேட்டவரோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். அதற்காகவே படத்தைக் கடைசிவரை அழிக்காமல் வைத்திருங்கள்.